பாறைச் சூடு

குமரகுரு மூன்றாவது முறையாகக் கை கழுவிக்கொண்டிருந்தான்.

ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சௌந்திரம் அழுகைக்கு நடுவிலும் அதைப் பார்த்தாள். பட்டியை ஒட்டிய தண்ணீர்த் தொட்டிக் குழாயில் நின்று, துணி துவைக்கிற சோப்பை முழங்கை வரைக்கும் நுரைக்க நுரைக்கத் தேய்த்தான். கழுவிவிட்டு விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். மறுபடியும் சோப்பை எடுத்தான்.

செத்தவரைத் தூக்கி வந்த கை, கழுவத்தான் கழுவுவார்கள். ஆனால் கூடத் தூக்கி வந்த மற்ற இரண்டு பேரும் ஒரு சொம்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டார்கள்.

கரட்டுக் குன்றின் பாறையில் சுப்பையன் கிடந்ததை முதலில் பார்த்தவன் அவன்தான். "ஆடு தேடிப் போனேன்க்கா, மணி பதினொண்ணு இருக்கும், மச்சான் பாறமேல கெடந்தாரு" என்று கட்டிப்பிடித்து அழுதான். அப்போது அவன் சட்டையில் குருணை மருந்து வாசம் அடித்தது. கரும்புக்குப் போடுகிற மருந்து. இந்த வருஷம் அவன் காட்டிலும் இவர்கள் காட்டிலும் மரவள்ளிக் கிழங்குதான். அதற்கு யாரும் குருணை போடுவதில்லை. கறியில் கலந்து வைத்தால் நாய் நரி எதுவானாலும் சாகும் என்பது மட்டும் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

எடப்பாடியிலிருந்து வந்த டாக்டர் நெஞ்சடைப்பு என்றார். எத்தனை மணிக்குப் போயிருக்கும் என்று சௌந்திரம் கேட்டதற்கு, "வெயில்ல கெடந்த ஒடம்பும்மா. ரெண்டு மணி நேரமும் இருக்கலாம், நாலு மணி நேரமும் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

கை துடைத்துக்கொண்டு வந்த குமரகுரு அக்காவின் காதருகே குனிந்தான்.

"அக்கா, கேமராவெல்லாம் அங்கயே கெடக்குது. எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான். சாவியக் குடு, போயிக் கழட்டிட்டு வந்தர்றேன்."

"இப்பப் போயி எதுக்குடா?"

"காலேஜு சாமான். நாளைக்கு நம்மளத்தான கேப்பாங்க."

"சாவி எங்கேன்னு தெரியல" என்றாள். சாவி அவள் உள்ளங்கையில்தான் இருந்தது. குளிப்பாட்டும்போது அரைஞாண் கயிற்றை அறுத்து, அதில் கோத்திருந்த சாவியை நங்கையா, சுப்பையனின் அக்கா பொன்னாத்தாள், அவளிடம் கொடுத்திருந்தாள். கேமராக்களை யாரும் தூக்கிக்கொண்டு போய்விடாமல் இருக்க, சைக்கிளைக் கட்டுகிற மாதிரி மரத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டியிருப்பார் சுப்பையன்.

நான்கு ஏக்கர் காடும் இருபது மேச்சேரி ஆடும் வைத்திருந்த மனிதர். ஆறு வருஷத்துக்கு முன்னால் சேலத்துக் கல்லூரியிலிருந்து இலக்கியா என்ற பெண் வந்து, கரட்டில் ஓநாய் இருக்கிறதா என்று கேட்டாள். வழி காட்டப் போனவர் அதற்குப் பிறகு திரும்பவே இல்லை என்பாள் சௌந்திரம். தினமும் காலையில் கரடு, சாயங்காலம் மரத்துக் கேமராவில் தானாக விழுந்த படம். ஒற்றைக்காது, நெட்டைக்காலன், வெள்ளைவாய் என்று எல்லாவற்றுக்கும் பேர். பொன்னாத்தாள் வரும்போதெல்லாம், "கட்டுன பொண்டாட்டி மூஞ்சிய என்ற தம்பி இத்தன தடவ பாத்திருக்க மாட்டான்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

சோற்றுத் தட்டில் கடலைப் பருப்பை அடுக்கி அவர் கணக்குச் சொல்வார். ஏழு பருப்பு. பெரிய தாய் ஓநாயை எவனோ மருந்து வைத்துக் கொன்றான், ஒன்றை எடுத்து வாயில் போடுவார். இளசுகள் இரண்டும் வேறு கரட்டுக்குப் போய்விட்டன. இன்னும் இரண்டு வாய்க்குள் போகும். எங்கிருந்தோ ஓர் அசலூர் ஆண் வந்து சேர்ந்தது, ஒன்றைத் திரும்ப வைப்பார்.

"கூட்டம் பெருசா இருந்தாத்தான் காட்டுப்பன்னியத் தொரத்தும் சௌந்திரம். ஒண்ணு வெரட்டும், ஒண்ணு மறிக்கும், ஒண்ணு மடக்கும். தாயக் கொன்னுபோட்டா மிச்சத்துக்கு வேட்டை ஏது? லேசா கெடைக்கறது ஒன்ற தம்பி பட்டிதான். அவனுங்க மருந்து வெக்க வெக்க அதுங்க இன்னும் பட்டிக்குத்தான் வரும். இதச் சொன்னா எவன் கேக்கறான்?"

குமரகுரு கேட்கவில்லை. தை மாதத்திலிருந்து அவன் பட்டியில் ஒன்பது ஆடு போயிருந்தது. ஒன்பதாவது ஆட்டின் கிழிந்த உடம்பைக் கொண்டுவந்து இந்த வாசலில் போட்டு, "இந்தா, ஒன்ற புருசன் புள்ளைங்க தின்ன மிச்சம்" என்றான். சௌந்திரத்துக்குப் பிள்ளை இல்லை. அந்தச் சொல் யாரைக் குத்தியது என்று தெரிந்துதான் சொன்னான். மறுநாள் வந்து தலையைக் குனிந்துகொண்டு அவள் கையால் மோர் வாங்கிக் குடித்துவிட்டும் போனான். தம்பி என்றால் அப்படித்தான். அப்பன் ஆத்தாள் போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அவன் ஒருவன்.

இரண்டு மணிக்கு இலக்கியா ஸ்கூட்டியில் வந்து இறங்கி, பெட்டியின் மேல் கை வைத்து நின்றாள். சௌந்திரம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதபடியே சாவியை அவள் கையில் அழுத்தினாள்.

"பாறைக்கு எதுர்த்த வேம்புல ஒண்ணு கட்டியிருக்குது. அந்தக் கார்ட எடுத்துட்டு வா சாமி. ஆருகிட்டயும் சொல்லாத."

"இப்பவேவாம்மா?"

"இப்பவே."

மூன்றரைக்குப் பொன்னாத்தாள் வந்து தோளைத் தொட்டாள். "அம்மிணி, கோடி வந்திருச்சு. அஞ்சுக்குள்ள எடுக்கோணும்."

பிறந்த வீட்டுக் கோடி போடாமல் எந்தப் பிணத்தையும் அங்கே எடுப்பதில்லை. தாலியறுக்கிறவளுக்குக் கூடப்பிறந்தவன் புதுச்சேலை கொண்டுவந்து தோளில் போடுவான். புருசன் போனாலும் நீ போய் நிற்க ஒரு வாசல் இருக்கிறது என்பதை ஊர் பார்க்கச் சொல்கிற துணி அது. அதை வாங்காதவளுக்கு அந்த வாசல் அன்றோடு முடிந்தது. சாமியானாவுக்கு வெளியே குமரகுரு தாம்பாளத்தில் மஞ்சள் சேலையை வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"சித்த இருங்க நங்கையா" என்றாள் சௌந்திரம். "நெஞ்ச என்னமோ பண்ணுது. உள்ள போயி உக்காந்துட்டு வாரேன்."

தவிட்டு மூட்டைகள் அடுக்கிய உள்ளறையில் இலக்கியா காத்திருந்தாள். அரிசி டிரம்மின் மேல் மடிக்கணினி. கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் நின்றாள் சௌந்திரம்.

"வேண்டாம்மா. இன்னொரு நாள் பாக்கலாமே."

"போடு."

காலை ஏழு நாலு. சுப்பையனின் சட்டைப் பித்தானும் கட்டைவிரலும். பேட்டரி மாற்றியிருக்கிறார். ஏழு ஒன்பது. பாறையில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறக்கிறார். எட்டு பதினொன்று. ஒரு கையைப் பாறையில் ஊன்றியிருக்கிறார், மறு கை நெஞ்சில். எட்டு பன்னிரண்டு. முதுகைக் கேமராவுக்குக் காட்டி ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். முகம் தெரியவில்லை.

எட்டு நாற்பது. ஒற்றைக்காது. கேமரா ஒவ்வொரு முறையும் மூன்று படம் எடுக்கும். முதல் படத்தில் புதர் ஓரம், இரண்டாவதில் பாறைமேல், மூன்றாவதில் அதன் மூக்கு, சுப்பையனின் நீட்டிய கைக்கு ஒரு முழ தூரத்தில்.

ஒன்பது பதினேழு. புதரின் நிழலில் குமரகுரு. தோளில் உரச்சாக்கு. அடிப்பக்கம் ஈரமாகக் கறுத்திருந்தது. இரண்டாவது படத்தில் அவன் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவதில் அவன் முதுகும் சாக்கும்.

அடுத்த படம் பத்து ஐம்பத்திரண்டு. வெறுங்கையோடு குமரகுருவும் இரண்டு பேரும் அதே புதர் நிழல் வழியே ஓடி வருகிறார்கள்.

வெளியே பறை நின்று, யாரோ டீ கொண்டுவரச் சொல்லும் குரல் கேட்டது.

சாக்கில் என்ன இருந்தது என்று சௌந்திரத்துக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மருந்து கலந்த கறி. குட்டி ஓநாய்கள் இருப்பதாகச் சுப்பையன் சொல்லியிருந்த பொந்துக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். ஓநாய்க்கு மருந்து வைத்தால் ஜெயில். மச்சான் விழுந்து கிடக்கிறார் என்று கூச்சல் போட்டால் ஊரே திரண்டு வரும், சாக்கோடு மாட்டிக்கொள்வான். முதலில் சாக்கைப் புதைக்கப் போயிருக்கிறான். ஒன்றரை மணி நேரம்.

"அப்ப அவருக்கு உசுரு இருந்துதா?" என்றாள். அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். செத்தவரை விட்டுப் போனான் என்றால் அவன் பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான். மூச்சு இருந்தவரை விட்டுப் போனான் என்றால்?

"இருந்திருக்காதும்மா" என்று இலக்கியா அவசரமாகச் சொன்னாள். "சூடான உடம்பு அசைஞ்சாத்தான் கேமரா எடுக்கும். எட்டு பன்னெண்டுக்கு அப்புறம் ஐயா அசையவே இல்ல. அசைஞ்சிருந்தா படம் விழுந்திருக்கும்."

சௌந்திரம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முதல் வருஷம் சோதனைக்காக இந்தப் பட்டியிலேயே அவர் ஒரு கேமராவைக் கட்டினார். காலையில் போகிற ஆடெல்லாம் படத்தில் இருந்தது. பங்குனி வெயிலில் மத்தியானம் போன ஆடு ஒன்றுகூட இல்லை. கேமரா கெட்டுவிட்டது என்று இரண்டு நாள் கழற்றிக் கழற்றி மாட்டினார். பிறகு ஒரு மத்தியானம் அவளைக் கூட்டிப்போய் அவள் ஒரு கையைப் பட்டிக் கல்லிலும் மறு கையை ஆட்டின் வயிற்றிலும் வைத்து அழுத்தினார். இரண்டும் ஒரே சூடு. "பாத்தியா? இதுக்குக் கண்ணு கெடையாது சௌந்திரம். சூட்டுக்கும் சூட்டுக்கும் வித்தியாசம் இருந்தாத்தான் இதுக்குத் தெரியும்" என்று, ஏதோ தானே கண்டுபிடித்தது போல அத்தனை சந்தோஷம்.

"பங்குனி மாசம் சாமி. கெழக்கப் பாத்த பாறை. ஒம்போது மணிக்குக் கை வெக்க முடியாது."

இலக்கியா ஒன்பது பதினேழின் முதல் படத்துக்குத் திரும்பிப் போனாள்.

"அவன் நெழல்ல நின்னான், அதனால படத்துல உழுந்துட்டான். இவரு வெயில்ல கெடந்தாரு. கைய ஆட்டிக் கூப்புட்டிருந்தாக்கூட அந்த மிசினுக்குத் தெரியாது. அப்படித்தான?"

"அப்படியும் இருக்கலாம்மா" என்றாள் இலக்கியா மெல்ல. பிறகு சட்டென்று எட்டு நாற்பதின் மூன்றாவது படத்தைத் திரும்பக் கொண்டுவந்தாள். "இதப் பாருங்க. ஆறு வருஷத்துல இது எங்க யாருகிட்டயும் நூறடிக்குள்ள வந்ததில்ல. உயிரோட இருக்கிற மனுஷன்கிட்ட ஓநாய் இவ்வளவு பக்கத்துல வராது. அப்பவே முடிஞ்சிருச்சும்மா. நம்புங்க."

சௌந்திரம் அந்த நீட்டிய மூக்கையும் கையையும் பார்த்தாள். போன மாசம் ஒரு சாயங்காலம் அவர் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, "இன்னைக்கு ஒத்தக்காது வந்து பத்தடியில உக்காந்துச்சு. நான் சும்மா இருந்தேன், அதுவும் சும்மா இருந்துச்சு" என்றார். அவள் நம்பவில்லை. "ஆமா, நாளைக்கு மடியில வந்து படுத்துக்கும்" என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவர் சொன்னது பொய் என்றால் இந்தப் படத்தில் இருப்பது பிணம். அவர் சொன்னது நிஜம் என்றால்.

"அம்மா?"

"மூடி வெய்யி" என்றாள்.

அவள் வெளியே வந்ததும் பறை மறுபடி தொடங்கியது. பெண்கள் வழிவிட்டார்கள். பெட்டியின் மூடியைத் திறந்து, சுப்பையனை மறுபடி நீர் ஊற்றிக் குளிப்பாட்டி, வாசல் கட்டிலுக்கு மாற்றியிருந்தார்கள். குமரகுரு தாம்பாளத்தோடு எதிரே வந்து நின்றான். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. அது பொய் அழுகை இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எத்தன மணிக்குடா மொதல்ல பாத்த?" என்று கேட்டாள். பறைச் சத்தத்தில் அவனுக்கு மட்டும்தான் கேட்டது.

"பதினொண்ணு இருக்கும்னு..." அவன் பார்வை அவள் தோளைத் தாண்டிப் போனது. உள்ளறை வாசலில் இலக்கியா பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தாள்.

"ஒம்போதே காலு" என்றான்.

"அசைஞ்சாரா?"

அவன் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"கேக்கறனல்ல. கண்ணு உனக்குத்தான இருந்துது. அசைஞ்சாராடா?"

"நான் கிட்டப் போவலக்கா." "பாத்தவொடன திரும்பிட்டேன். கிட்டயே போவல."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பொய்யா என்று தேடினாள். சின்ன வயதில் அவன் பொய் சொன்னால் இடது காது மடல் சிவக்கும். இப்போது அழுகையில் முகமெல்லாம் சிவந்து கிடந்தது.

"என்ன அம்மிணி, எழவு ஊட்டுல நின்னுக்கிட்டு பேச்சு?" பொன்னாத்தாள் இருவருக்கும் நடுவில் வந்தாள். "பொழுது எறங்குது. போட்றா சாமி."

குமரகுரு சேலையைப் பிரித்தான். அவள் இடது தோளில் போட்டான். கோடி விழுந்ததும் பெண்கள் குரலெடுத்தார்கள். வழக்கப்படி அவள் அதை இழுத்து மார்போடு பிடித்துக்கொள்ள வேண்டும். சௌந்திரம் கையைத் தூக்கவில்லை. தள்ளிவிடவும் இல்லை.

"புடிச்சுக்கோ அம்மிணி" என்றாள் பொன்னாத்தாள்.

சௌந்திரம் கட்டிலைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள். சேலை அவள் தோளிலிருந்து மடிப்பு மடிப்பாக அவிழ்ந்து பின்னால் இறங்கியது. குளிப்பாட்டிய ஈரம் இன்னும் காயாத மண்ணில் அதன் ஒரு முனை விழுந்து இழுபட்டது. குமரகுரு அதை எடுத்துவிடக் குனிந்தான். பாதி குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். முனை அவன் காலைத் தாண்டி, சேற்றை வாரிக்கொண்டே போனது.