ஆமணக்கு அந்து

என் மனைவி வீட்டை விட்டுப் போகிற அன்று காலையிலும் நாங்கள் தோட்டத்துப் பூச்சிப் பெட்டியைத் திறந்தோம். ராத்திரி முழுக்க அதற்குள் ஒரு விளக்கு எரியும். வெளிச்சத்துக்கு வந்து விழும் அந்துப்பூச்சிகள் முட்டை அட்டையின் குழிகளில் ஒண்டிக்கொள்ளும். விடிந்ததும் ஒவ்வொன்றாகப் பார்த்து, நோட்டில் பெயர் எழுதிவிட்டுச் செடிகளுக்குள் விட்டுவிடுவோம். பதினோரு வருடமாக நாங்கள் குடும்பம் நடத்திய லட்சணம் இதுதான்.

ஒரு விதி உண்டு. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் பெயர் நோட்டில் ஏறும். அவள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். நான் அச்சகத்து மெஷின்காரன். லேசில் விடுவாளா? ஒரு சாம்பல் பூச்சிக்காக மூன்று நாள் மல்லுக்கட்டியிருக்கிறோம். அதை டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, பால் எடுக்கப் போகும்போதெல்லாம் சண்டை.

இந்தச் சண்டையைத் தவிர அவளோடு நான் வேறெதுவும் பேசுவதில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அவளுக்கு உறைத்திருக்கிறது. வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். "நீங்க கூட வர வேணாம். நானும் திரும்பி வரப் போறதில்ல," என்றாள். மச்சான் கார் எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தான்.

கடைசி அட்டையில் ஒரே ஒரு பூச்சி. தூரிகை நுனியால் மேல் சிறகை நகர்த்தினேன். அடியில் கறுப்பும் வெள்ளையும் பளிச்சென்று தெரிந்தது. சந்தேகமே இல்லை, ஆமணக்கு அந்து. பழத்தைத் துளைக்கும் அந்து என்றால் அந்த இடம் ஆரஞ்சாக இருக்கும். அவளுடைய ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள்.

"இது பழ அந்து," என்றேன், வேண்டுமென்றே.

அவள் சீறுவாள் என்று காத்திருந்தேன். 'கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?' என்பாள். நான் பிடிவாதம் பிடிப்பேன். புத்தகம் வரும். மச்சான் வாசலில் நின்று காய்வான். எப்படியும் இன்னும் ஒரு நாள் கிடைக்கும். அந்த ஒரு நாளில், பேசாமல் விட்டதையெல்லாம் பேசிவிடலாம். சத்தியமாக என் திட்டம் அவ்வளவுதான்.

அவள் பூச்சியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நல்லா பாரு, ஆரஞ்சு," என்றேன். அட்டையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"ஆமாங்க, பழ அந்துதான். எழுதிக்குங்க."

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக எனக்கு விட்டுக்கொடுத்தாள். வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. பேனாவை என் கையில் வைத்துவிட்டு, பையை எடுக்க உள்ளே போனாள்.