தாண்டிப்போன பாட்டன்மார்

...ஒருவர் இல்லை, இரண்டு பேர். சமதர், அவர் அப்பா வர்ஸமே, அவர் அப்பா மறுபடியும் ஒரு சமதர் என்று பழைய நோட்டில் தலைமுறை வரிசை இருந்தது, முதல் சமதரைக் கைப்பேசியில் தட்டிவிட்டு லதான் கண்ணைத் தூக்கினாள், திரும்ப நோட்டில் இறக்கும்போது கண் இரண்டாவது சமதரில் போய் உட்கார்ந்துகொண்டது, ஒரு நொடிதான், ஒரு சமதரும் வர்ஸமேயும் கைப்பேசியில் இல்லாமலே போய்விட்டார்கள்... அதைத் தன்னோடாவது வைத்திருந்தாளா? உஸ்மானியா என்கிற பழைய சோமாலி எழுத்தில் தட்டிய பக்கங்களைப் படத்தோடு வலையில் ஏற்றி, கீழே லத்தீன் எழுத்திலும் போட்டு, நோட்டுக்காரர் வீட்டுக்கே அனுப்பிவைத்தாள், அதைப் பார்த்துத்தான் அந்த வீட்டு ஷர்மார்கே மனப்பாடம் செய்திருக்கிறான், ஒன்பது வயது. நேற்றுக் கல்யாணப் பந்தலில் அவனை நடுவில் நிறுத்தி, எங்கே உன் பாட்டன்மாரைச் சொல்லு என்றார்களாம். கடகடவென்று பன்னிரண்டு பெயர். விரல் மடக்கிக்கொண்டே வந்த ஒரு கிழவர், வர்ஸமேயின் தம்பி வழியில் வந்தவர், பதினான்கு வரவேண்டுமே என்று நிறுத்தி, "ஏண்டா, ரெண்டு பேர ஒட்டகத்துல ஏத்தாம விட்டுட்டு வந்துட்டியே, பாவம், நடந்தா வருவாங்க?" என்று கேட்க, பந்தல் முழுக்கச் சிரிப்பு. பையன் அழுதுகொண்டே, லதான் அக்கா அப்படித்தான் எழுதியிருக்கு என்றானாம்.

கால்கயோ ஊர் முழுக்க இந்நேரம் தெரிந்திருக்கும். அஸர் தொழுகை முடிந்து அந்த வீட்டு அம்பரோ அத்தை வருகிறாள் என்று அம்மா சொன்னாள், எதற்கு வருவாள், நோட்டை வாங்கிப்போகத்தான். அவள் அப்பா எழுதிய நோட்டு, மழை பெய்த இடங்கள், செத்த ஒட்டகங்களுக்குப் பாட்டு, சண்டை தீர்த்த பேச்சு, அரசாங்கம் லத்தீன் எழுத்தை ஏற்றுக்கொண்ட பிறகு பெட்டிக்குள் போனது, அந்த வீட்டில் அதைப் படிக்க ஒருவருக்கும் தெரியாது. முப்பத்திரண்டு பக்கம் முடிந்திருக்கிறது, இன்னும் நூறுக்கு மேல், ஓரமெல்லாம் கறையான்... திரும்பவும் பெட்டிக்குப் போனால் அடுத்த மழை வரைக்கும் தாங்குமா? வலையில் இருப்பதைக் காலையிலேயே லதான் திருத்திவிட்டாள், ஆனால் பழையது யார் யார் கையில் இருக்கிறதோ, அதை எப்படித் திருத்துவது? பேசாமல் காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாமா?

"எங்க அந்தப் பாட்டன் திருடி?"

அத்தை செருப்பை வாசலில் உதறிவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். சின்னப் புள்ள, தெரியாம பண்ணிட்டா என்று அம்மா ஆரம்பிக்க, "நீ டீய ஊத்து தாயி, உன்னைக் கேக்கல" என்றாள். தப்பு என்னோடதுதான் அத்தை, கண்ணு தாண்டிருச்சு, என்று லதான் சொன்னது தன் காதுக்கே கேட்கவில்லை. நோட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். அத்தை வாங்கவில்லை.

"நேத்து பந்தல்ல சோறு ஆறிப்போச்சு, தெரியுமா? வர்ஸமே எந்தக் கிணத்துக்கிட்ட செத்தாரு, எத்தன பொண்டாட்டி, மூத்தவ எந்த வீட்டுப் பொண்ணு, ஆளாளுக்குச் சண்டை. எங்கப்பா போயி இருபத்தஞ்சு வருசம், அந்த நோட்டு எங்க கெடக்குன்னு ஒரு பய கேட்டதில்ல. நீ தொலைச்சப்புறம்தான்டி தேடுறானுங்க."

சொல்லிக்கொண்டே முந்தானை மடிப்பிலிருந்து துணி சுற்றிய இன்னொரு நோட்டை எடுத்து லதானின் மடியில் வைத்தாள், இது யாருக்கும் காட்டாதது, அப்பா கடைசியா எழுதுனது. "இதுலயாச்சும் யாரையும் சாகடிக்காம எழுது."

அம்மா சிரித்துவிட்டாள். லதானுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை, யாருக்கு நன்றி சொல்ல, அத்தைக்கா, அழுத பையனுக்கா, விரல் மடக்கிய கிழவருக்கா, இந்த எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரியாமல் எழுத்தாகவே தெரியும்படி எழுத்துரு செய்து இவள் கைப்பேசிக்குள் கொண்டுவந்து சேர்த்த முகம் தெரியாதவர்களுக்கா... எல்லாருக்கும் சேர்த்துச் சொல்ல ஒரு வார்த்தை வேண்டும், இருக்கிற வார்த்தை சின்னதாக இருக்கிறது.

துணியைப் பிரித்தாள். முதல் பக்கத்திலேயே அதே தலைமுறை வரிசை, அதே கை, கொஞ்சம் நடுங்கியிருக்கிறது, இந்த முறை விரலை வைத்தே இறங்கினாள், சமதர், வர்ஸமே, சமதர், அதற்கு அடுத்து ஹிர்ஸி... ஹிர்ஸியா? முதல் நோட்டில் அப்படி ஒருவர் இல்லையே. கிழவரும் பதினான்கு என்றுதானே சொன்னார்? மறுபடியும் எண்ணினாள். பதினைந்து. அப்படியென்றால் முதல் நோட்டில் இந்தக் கையும் ஒரு தடவை தாண்டியதா, வயதான பிறகு ஞாபகம் வந்து சேர்த்துக்கொண்டாரா, இல்லை ஞாபகம் பிசகித்தான் சேர்த்தாரா? யாரைக் கேட்பது?

"எல்லாம் சரியா இருக்காடி?" என்றாள் அத்தை, டீயை ஊதிக்கொண்டே.

லதான் ஹிர்ஸியின் மேலிருந்து விரலை எடுக்காமல் இருந்தாள்.