இரண்டு சம்பந்திகளும் மூன்று கணவாய்களும்

வாருங்கள் செல்லங்களே, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சுவரோரம் ஒண்டிக்கொண்டிருக்கிறவரும் வரலாம், இங்கே இடமிருக்கிறது. இரண்டு சம்பந்தியம்மாக்கள் ஒரே மோட்டார் சைக்கிளில் மலையேறத் திட்டம் போட்ட கதையை இன்றைக்குச் சொல்லப்போகிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம், கதைக்கு ஒன்றும் ஆகாது.

ஒரு தையல்காரம்மா இருந்தாள். வயது ஐம்பத்தாறு. கடை என்றால் ஓர் அறை, இரண்டு மெஷின், நடுவில் ஓர் ஆள் கை காலை நீட்டிப் படுக்கிற அளவுக்கு ஒரு வெட்டும் மேசை. அவள் மகளைக் கட்டியவனுடைய அம்மா, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கிய பிறகுதான் லைசென்ஸ் வாங்கினார்கள். "கிளட்ச்ச மிதிங்க, என் கால இல்ல" என்று அவள் போடுகிற சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும். ஆனால் சம்பந்தி எதிரே வந்துவிட்டால் போதும், அந்தக் குரல் பஞ்சாகிவிடும்.

காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின வாரம், மாப்பிள்ளையின் கோட்டுத் தோள் கொஞ்சம் தூக்கியிருக்கிறது என்று டிரைவரம்மா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். தைத்தது யார்? பெண்ணைப் பெற்றவள். அவள் கோட்டை வாங்கிப் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். கல்யாணம் முடிந்து ஐந்து மாதம் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்தே இல்லை. சின்னஞ்சிறுசுகள் நடுவில் கிடந்து அல்லாடினார்கள். ஒருவழியாகச் சமாதானமானபோது இரண்டு அம்மாக்களும் தனித்தனியே, ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே முடிவுக்கு வந்தார்கள்: இனிமேல் சம்பந்தி என்ன சொன்னாலும் 'சரி' என்று தலையாட்டிவிடுவது.

இப்படி இரண்டு வருஷம் தலையாட்டிக்கொண்டிருந்த நாளில், யாரோ ஒருவர் ஜிப் பிய்ந்த தடித்த கோட்டு ஒன்றைத் தையல்காரம்மாவிடம் கொண்டுவந்தார். கோட்டுப் பையை வெளியே இழுத்தபோது மேசையெல்லாம் சாம்பல் நிற மணல். எங்கே போய்ப் புரண்டீர்கள் என்று கேட்டாள். மூன்று கணவாய்களைத் தாண்டிப் போனதாகச் சொன்னார் அவர். மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் உயரமாம். அங்கே நாம் வெயிலில் நிற்க, காலுக்குக் கீழே பள்ளத்தாக்கில் மழை பெய்யுமாம்.

முப்பது வருஷமாக ஊசிமுனைக்கு அப்பால் பார்க்காத கண் அது. மழையை மேலிருந்து பார்க்கலாம் என்று கேட்டதும் அவளுக்கு ராத்தூக்கம் போயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வந்தபோது பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தாள். டிரைவரம்மா வீட்டில் பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று சும்மா நின்றுகொண்டிருந்தது. "போயிட்டு வந்துடலாம் சம்பந்தி" என்றாள், தண்ணீர் கேட்டால் எடுத்துக் கொடுப்பதுபோல.

அங்கேதான் தையல்காரம்மாவின் மனசில் முள் தைத்தது. மரியாதைக்குச் சொன்னாளா, மனசாரச் சொன்னாளா? கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அதற்கும் 'சரி' என்றுதானே பதில் வரும்.

திட்டம் வெட்டும் மேசையில் நடந்தது. வரைபடத்தை விரித்து, நான்கு மூலையிலும் கத்தரிக்கோலும் இஸ்திரிப் பெட்டியும் வைத்து, தையல்காரம்மா பெட்ரோல் பங்க் இருக்கிற ஊர்களில் குண்டூசி குத்தினாள். ஊசிக்கு ஊசி இஞ்சு டேப்பை விறைப்பாகப் பிடித்து அளந்தாள். ஓர் இஞ்சுக்கு இருபது கிலோமீட்டர். இரண்டாவது கணவாய்க்கும் மூன்றாவதற்கும் நடுவே பங்க் கிடையாது. அந்தத் துண்டு பதினோரு இஞ்சு, அதாவது இருநூற்று இருபது. டாங்கை நிரப்பினால் முந்நூற்று அறுபது ஓடும் வண்டிக்கு அது சர்வ சாதாரணம். போக ஐந்து நாள், திரும்பச் சமவெளி வழியாக மூன்று நாள், ஆக எட்டு. டிரைவரம்மாவுக்குக் கிடைப்பது பத்து நாள். பதினோராம் நாள் அவளிடம் பழகும் பதினான்கு பேருக்கு லைசென்ஸ் தேர்வு, அவள் இல்லாமல் நடக்காது. அதற்குப் பிறகு என்றால் பனி விழுந்து கணவாய் மூடிவிடும். அப்புறம் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் பேரனோ பேத்தியோ வந்துவிட்டால் மலையாவது ஒன்றாவது.

"கணக்கு சரியா இருக்கா சம்பந்தி?"

டிரைவரம்மா வரைபடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீங்க அளந்தா தப்பா போகுமா" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள்.

அடுத்த வாரம் அவள் ஒரு பெட்ரோல் கேனோடு வந்தாள். காலி கேன், ஐந்து லிட்டர் பிடிக்கிறது. எதற்கு என்று கேட்டால், சும்மா இருக்கட்டுமே என்றாள். அதற்கடுத்த வாரம் இன்னொன்று. மூன்றாவது கேனும் வந்தபோது தையல்காரம்மா தன் பையிலிருந்து ஒரு கம்பளிப் போர்வையை எடுத்து வெளியே வைத்தாள். வண்டி கனக்கக்கூடாதே. வைத்துவிட்டு யோசித்தாள். கேன் மூன்று. அதை எங்கே கட்டுவது? பின் சீட்டில். பின் சீட்டில் யார் உட்காரவேண்டும்? அவள்.

ஓகோ, சங்கதி இப்படிப் போகிறதா என்று நினைத்துக்கொண்டாள். கூட்டிக்கொண்டு போக விருப்பமில்லை என்று சொல்ல வாயில்லாமல், இடமில்லை என்று சொல்லப் பார்க்கிறாள் சம்பந்தி. மகளிடம் சொல்லி அழலாமா என்றுகூட இருந்தது. மகளோ, இரண்டு பேரும் கிழவிகளாக லட்சணமாக வீட்டில் இருங்கள் என்பாள். அதனால் வாயை மூடிக்கொண்டு மெஷினை மிதித்தாள்.

புறப்பட நாலு நாள் இருந்தது. ஒரு பெண்மணி, தன் குழந்தையின் கவுனுக்கு அடியில் ஃப்ரில் வைக்கத் துணி கொண்டுவந்தாள். சுற்றளவு ஐம்பது இஞ்சு, துணியும் கரெக்டாக ஐம்பது இஞ்சு.

"இது பத்தாதும்மா" என்றாள் தையல்காரம்மா. "சுருக்கு வைக்கணும்னா ரெட்டிப்பு வேணும். நேரா நீட்டி அளந்தா ஐம்பதுதான் காட்டும். வளைஞ்சு வளைஞ்சு போறப்ப துணிய முழுங்கிடும்ல."

சொன்ன வாய் அப்படியே நின்றது. வந்தவளைத் துணியோடு அனுப்பிவிட்டு வரைபடத்தை விரித்தாள். இரண்டாவது கணவாய்க்கும் மூன்றாவதற்கும் நடுவே பாதை எப்படி இருந்தது தெரியுமா? சாட்சாத் சுருக்கு வைத்த ஃப்ரில். அதன்மேல்தான் அவள் டேப்பை விறைப்பாகப் பிடித்து அளந்திருந்தாள். ஊருக்கெல்லாம் சொல்கிற புத்தி தனக்கு எட்டவில்லை.

சட்டையில் கை வைத்துத் தைக்கிற கைக்குழி வளைவை அளப்பதுபோல, நூல் எடுத்து ஒவ்வொரு வளைவாகப் படியவைத்து ஊசி குத்திக்கொண்டே போனாள். நூலை நிமிர்த்தி அளந்தால் இருபது இஞ்சு. நானூறு கிலோமீட்டர். டாங்க் நிறைய ஊற்றினாலும் நாற்பது கிலோமீட்டர் முன்னாடியே வண்டி நின்றிருக்கும். மேட்டில் இன்னும் சீக்கிரம். மூன்று கேன்களும் அலமாரிப் பக்கம் வரிசையாக உட்கார்ந்து அவளைப் பார்த்தன.

கடையைப் பூட்டிக்கொண்டு நேரே டிரைவிங் பள்ளிக்குப் போனாள். அங்கே ஒரு வழுக்கைத்தலைக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்து சீட்டில் டிரைவரம்மா. தையல்காரம்மா பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"நான் அளந்தது தப்புன்னு உங்களுக்குத் தெரியும், இல்ல?"

டிரைவரம்மா திரும்பவில்லை. கண்ணாடியில் பார்த்தாள். "மேப்ப விரிச்ச அன்னைக்கே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"கோட்டு தோள் தூக்கியிருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னதுக்கு அஞ்சு மாசம் வாசல் மிதிக்கல நீங்க. மலைக் கணக்கே தப்புன்னு சொன்னா ஆயுசுக்கும் வரமாட்டீங்கன்னுதான் கேன் வாங்கினேன்."

"தோள் தூக்கித்தான் இருந்துச்சு" என்றாள் தையல்காரம்மா கடைசியில். "நான் என்ன நெனச்சேன் தெரியுமா? என்னை இறக்கிவிடத்தான் கேன் அடுக்குறீங்கன்னு."

"உங்கள இறக்கிவிட்டுட்டு யார்கூடப் பேசிட்டுப் போறது, கேன்கூடயா?"

வழுக்கைத்தலைக்காரர் மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். தையல்காரம்மா இரண்டு மாதமாக மென்றுகொண்டிருந்ததைத் துப்பிவிட்டாள்: வருவதாகச் சொன்னது மரியாதைக்கா, மனசாரவா?

"பதினெட்டு வருஷமா இந்தப் பக்கத்து சீட்டுல உக்காந்து, அடுத்தவங்க ஓட்டுறதப் பாத்துட்டிருக்கேன் சம்பந்தி" என்றாள் டிரைவரம்மா. "ஒரு பத்து நாள் நானே ஓட்டணும்னு எனக்கு இருக்காதா?"

அன்றைக்குச் சாயங்காலம் வெட்டும் மேசையில் நூல் போட்டு மொத்தப் பாதையையும் மறுபடி அளந்தார்கள். போக எட்டு நாள் வந்தது, திரும்ப மூன்று. ஆகப் பதினொன்று. ஒரு நாள் இடிக்கிறது. மூன்றாவது கணவாயை விட்டுவிடலாம் என்று தையல்காரம்மா சொன்னாள். சொல்லிவிட்டு நூலைச் சுருட்ட ஆரம்பித்தாள். டிரைவரம்மா இரண்டு வருஷத்தில் முதல்தடவையாக அவளிடம் குரலை உயர்த்தினாள். மழையை மேலிருந்து பார்க்கத்தானே இந்தப் பாடு, அதை விட்டுவிட்டு எதைப் பார்க்கப் போகிறோம், டீக்கடையையா என்றாள். சமவெளியில் வண்டி ஓட்டி என்ன சாதிக்கப்போகிறோம், வண்டியை ரயிலில் ஏற்றிவிட்டு நாமும் ஏறிப் படுத்தால் ஒரே ராத்திரியில் வீடு என்றாள். ஒன்பது நாளில் முடிந்துவிடும், மிச்சம் ஒரு நாள் கைவசம். அதை வீட்டில் ஓய்வெடுக்க வைத்துக்கொள்ளலாம் என்று அவள் சொல்ல, கூடவே கூடாது, மூன்றாவது கணவாயின் அடிவாரத்தில் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டுதான் ஏறவேண்டும் என்று தையல்காரம்மா மேசையைத் தட்டினாள். அரை மணி நேரம் மல்லுக்கட்டி, தட்டினவளே ஜெயித்தாள். கேன்களைச் சீட்டில் கட்டாமல் இரண்டு பக்கமும் தொங்கவிட, தடித்த கான்வாஸில் பையும் தைத்தாள்.

புறப்படுகிற காலையில் வழியனுப்ப வந்த மகளும் மருமகனும் தெருமுனையிலேயே நின்றுவிட்டார்கள். வாசலில் இரண்டு அம்மாக்களும் கையை வீசிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். போச்சு, மறுபடியும் ஐந்து மாதம் என்று மருமகன் முணுமுணுத்தான். கிட்டே போய்ப் பார்த்தால், இடதுபக்கப் பை இறங்கியிருக்கிறது என்று ஒருத்தி, அதெல்லாம் நேராகத்தான் இருக்கிறது என்று இன்னொருத்தி. வண்டி கிளம்பிற்று. முப்பது அடி போனதும் நின்றது. தையல்காரம்மா இறங்கி, இடதுபக்கப் பட்டையை அரை இஞ்சு இழுத்துக் கட்டி, தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, மறுபடி ஏறிக்கொண்டாள்.

"இப்ப போகலாமா, மகாராணி?" என்று டிரைவரம்மா கேட்டது தெரு முழுக்கக் கேட்டது.

"போங்க. வளைவுல மட்டும் பொறுமையா."

போனார்கள், கண்ணுகளா, சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். அவர்களுக்கு மழை கீழே பெய்தது போல உங்கள் வீட்டுக் கஷ்டமெல்லாம் கீழே பெய்து ஓடட்டும், நீங்கள் வெயிலில் நிற்க. உங்கள் வீட்டு விளக்கில் எண்ணெயும், பானையில் சோறும், பேச்சில் உண்மையும் குறையாமல் இருக்கட்டும். போய் நிம்மதியாகத் தூங்குங்கள்.