உடையத் தெரியாத தூண்

ஒரு தூணை உடைக்க நான்கு மாதமா என்று நீங்கள் கேட்கலாம். சிற்பியின் அம்மாவும் அதையேதான் கேட்டாள். சம்மட்டியால் ஓங்கி ஒரு போடு போட்டால் உடையாதா என்றாள். உடையும், உடையாமல் என்ன? மகளுக்கு வேண்டிய மாதிரி உடையாது, அதுதான் வினை.

போன வருஷம் ஒரு காலை நேரத்தில் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று பொலபொலவென்று உட்கார்ந்துவிட்டது. பதினோரு பேர் போனார்கள். அதில் ஒருத்தி சிற்பியின் தங்கை. அஸ்திவாரத்து மண் சரிந்ததுதான் காரணம் என்று விசாரணைக் குழு எழுதிவைத்துவிட்டு எழுந்து போய்விட்டது. அந்த இடத்தில் நினைவுச்சின்னம் வைக்கலாம் என்று முடிவானபோது நகராட்சி சிற்பியைக் கூப்பிட்டது. புறா வைக்கலாம், கைகூப்பிய பெண் வைக்கலாம் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். புறாவா செத்தது என்று அவள் வெடுக்கென்று கேட்டுவிட்டாள். அந்தக் கட்டடத்தையே செய்வேன் என்றாள். ஆள் உயரத்தில் ஏழு தூண், ஏழும் இடுப்பில் முறிந்து, மேலே தளம் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கும். முறிந்த முகம் அசல் போலவே இருக்கவேண்டும். தங்கைக்கு அவள் செய்யக்கூடியது இனி அது ஒன்றுதான். அதில் பொய் கலந்துவிடக் கூடாது என்று வீம்பாக இருந்தாள்.

இடிபாட்டிலிருந்து எடுத்துவந்த தூண்துண்டு ஒன்று பட்டறை மேசையில் கிடந்தது. அதன் உடைந்த முகத்தில் ஜல்லிகள் முழுசாகக் கழன்று விழுந்து, பல் விழுந்த ஈறு மாதிரி குழிகுழியாக இருக்கும். விரலால் தேய்த்தால் மாவாக உதிரும். அதைத்தான் அவளால் கொண்டுவர முடியவில்லை. பிளாஸ்டரில் வார்த்தாள், சுண்ணக்கட்டி போல முறிந்தது. தெர்மோகோல் மணியைக் கலந்தாள், கண்காட்சிப் பொம்மை மாதிரி வந்தது. கான்கிரீட்டிலேயே வார்த்து அமிலம் ஊற்றினாள், நெருப்பில் சுட்டுத் தண்ணீரில் போட்டாள், உளியால் ஒவ்வொரு குழியாகத் தோண்டியும் பார்த்தாள். தலைகீழாக நின்றாலும் நடக்கவில்லை. முறியும்போது ஜல்லியும் சேர்ந்தே பிளந்தது. நன்றாகக் கலந்துவிட்டு, பிறகு அதைக் கெடுக்க வழி தேடிக்கொண்டிருந்தாள் பாவி. கெடுத்தே கலக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வருவான். கட்டட மேஸ்திரி, கலவையிலேயே பிறந்தவன். இடிந்த கட்டடத்துக்குக் கான்கிரீட் போட்டதும் அவன்தான். அண்ணன் கை பட்ட வீடு என்று தங்கையை அங்கே குடிவைத்தவனும் அவன்தான். முன்பெல்லாம் சிற்பியைப் பொம்மைக்காரி என்று சீண்டாமல் அவனுக்குப் பொழுது போகாது. இப்போது வாயைத் திறப்பதே அபூர்வம். துக்கம் என்று வீட்டில் நினைத்தார்கள். வந்து மூலையில் உட்கார்ந்து அவள் கலப்பதையும் உடைப்பதையும் பார்த்துவிட்டுப் போவான்.

ஒரு ஞாயிறு அவள் சம்மட்டியை வீசி எறிந்துவிட்டாள். என்னால் ஆகாது, நாளைக்கே போய் வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், புறாவோ கிறாவோ வைத்துக்கொள்ளட்டும் என்று தரையில் உட்கார்ந்து அழுதாள். அண்ணன் எழுந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, மண்வெட்டியை எடுத்துக் கலந்தான். அச்சில் ஊற்றினான். கைகழுவிக்கொண்டு போனான்.

அடுத்த ஞாயிறு அண்ணன் வந்ததும் அவள் அச்சைப் பிரித்தாள். ஓங்கிக்கூட அடிக்கவில்லை. ஒரு தட்டு, இரண்டாக விழுந்தது. ஜல்லிகள் உருண்டு ஓடின. குழி குழியாக, மாவாக, மேசையிலிருந்த துண்டுக்கு உடன்பிறந்த மாதிரி இருந்தது. அடப்பாவி, வந்துவிட்டதே என்று அவளுக்கு ஒரு கணம் சந்தோஷம் பொங்கியது. அந்தச் சந்தோஷத்தை நினைத்து அப்புறம் எத்தனையோ நாள் கூசிப்போனாள்.

"என்ன கணக்குல கலந்தேண்ணா?"

"சிமெண்ட்டு அதேதான். தண்ணியைத்தான் கண்டபடி விட்டேன்."

"இப்படித்தான் உடையும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

கேட்டவளுக்கே பதில் புரிய ஆரம்பித்திருந்தது.

"தூணுக்குள்ள கம்பி நெருக்கமா இருந்துச்சு. கலவையைக் கெட்டியா போட்டா உள்ள இறங்கல. மறுநாள் தளம் போட்டாகணும்னு அவசரம். தண்ணியை ஊத்துங்கடான்னு சொன்னேன். எல்லா இடத்துலயும் செய்யறதுதானேன்னு நெனச்சேன்."

அவள் மேசைமேலிருந்த துண்டைப் பார்த்தாள். மண் சரிந்ததாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் ஒரு வருஷமாக மறைத்துவிட்டு இதே மூலையில் உட்கார்ந்திருக்கிறான். சம்மட்டி கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அவள் எடுக்கவில்லை. எடுக்காததற்கு அவளுக்குக் காரணமும் தெரியாது.

"அப்புறம் ஏன் எனக்குக் கலந்து காட்டினே?"

"நீ அழறதைப் பாக்க முடியல."

இதைவிட அவன் தன்னை நாலு அறை அறைந்திருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது. தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்க, ஏழு தூணுக்கும் அவனே கலக்கவேண்டும் என்றாள். கீழே பதிக்கிற பலகையில் இன்ன பொருள், இன்ன அளவு, கலந்தவர் இன்னார் என்று எழுதப்போவதாகவும் சொன்னாள். இடிந்த கட்டடத்துக்கும் இவரேதான் கலந்தார் என்று அடுத்த வரி இருக்கும் என்றாள். அம்மாவும் வந்து படிப்பாள்.

"எழுது," என்றான் அண்ணன்.

சிமெண்ட் மூட்டையைப் பிரித்து அவன் மண்வெட்டியைப் பிடித்தான். தண்ணீர்க் குழாயை அவள் பிடித்தாள். கலவை இளகி, ஓடி, அவர்கள் காலடிக்கு வந்துவிட்டது. போதும் என்று அவன் சொல்லவில்லை. அவளும் நிறுத்தவில்லை.