வார்டுக்கு வந்த பாடகி

மேடைக்குப் பின்னால் போட்டிருந்த கூடாரத்தில் எக்பெர்ட் பச்சை ஜிகினா கவுனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிய இடுப்பு. ஜிப் பாதியில் நின்றுவிட்டது.

"என்னடி, மாசமா இருக்கியா?" என்று ஹாயோ பின்னால் வந்து நின்றார்.

"எல்லாம் உன் கடை பீரு. பொறந்தா உன் பேரைத்தான் வைக்கணும்."

"என் மூக்கு வராம பாத்துக்க." ஹாயோ முழங்காலை முதுகில் முட்டுக்கொடுத்து இழுத்ததில் ஜிப் ஏறியது. ஹாயோவின் மதுக்கடையில்தான் எக்பெர்ட் வாராவாரம் பெண் வேஷம் கட்டிப் பாடுகிறார். ஒரே வேஷம்தான். பாடகி ரோஸ்வித்தா லோமார்.

வெளியே தன்பாலின விரும்பிகளின் வானவில் ஊர்வலம் முடிந்து ஜனம் மைதானத்தில் குவிந்திருந்தது. ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் ஜூலை மாதம் இந்தக் கூட்டம் சேராத வருஷமில்லை. இந்த வருஷம் ரோஸ்வித்தாவே நேரில் வருகிறாள். விழாக்குழு அவளுக்குப் பட்டம் கொடுக்கிறது. பூங்கொத்து கொடுக்கிற வேலை எக்பெர்ட்டுக்கு.

ரோஸ்வித்தாவுக்கு ஏன் இவ்வளவு கொண்டாட்டம் என்று அந்த மைதானத்தில் யாரைக் கேட்டாலும் பாட்டைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். அவள் குரல் சுமார்தான். வார்டு கதையைத்தான் சொல்வார்கள். எண்பதுகளில் எய்ட்ஸ் என்ற புதிய நோய் வந்து பையன்கள் கொத்துக் கொத்தாகச் செத்த காலம். சாப்பாட்டுத் தட்டை வாசலிலேயே வைத்துவிட்டு ஆஸ்பத்திரி ஆட்கள் ஓடினார்கள். பெற்ற தாயே எட்டிப் பார்க்கவில்லை. அப்போது டிவியில் பாடும் ரோஸ்வித்தா ஒருநாள் அதே ஜிகினா கவுனோடு மேல்மாடி வார்டுக்கு வந்து, கட்டில் கட்டிலாக உட்கார்ந்து பாடினாள்.

அவள் வரவில்லை. வந்தது எக்பெர்ட்.

ஃபோல்க்மாருக்காக வந்தார். ஃபோல்க்மார் துணிக்கடைகளின் கண்ணாடி ஜன்னல்களை அலங்காரம் செய்பவன், எக்பெர்ட்டோடு ஜோடியாக ஒரே வீட்டில் வாழ்ந்தவன், ரோஸ்வித்தா பைத்தியம். நோய் அவன் கண்ணைத் தின்றுவிட்டது. "ஒரு தடவை அவங்க பாட்டை நேர்ல கேக்கணும்டா" என்றான். எக்பெர்ட் எப்படியோ நம்பர் பிடித்துப் போன் போட்டார். ரோஸ்வித்தாவே எடுத்தாள். "வீட்ல ரெண்டு குழந்தைங்க இருக்குங்க. மன்னிச்சிருங்க" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் எக்பெர்ட் தன் வேஷக் கவுனை மாட்டிக்கொண்டு சாமான் ஏற்றும் லிஃப்டில் மேலே போனார். அவளைப் போலவே மூக்கால் இழுத்துப் பாடினார். ஃபோல்க்மார் கையை நீட்டி ஜிகினாவைத் தடவினான். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவன் கையாலேயே கோத்த ஜிகினா. விரல் ஓரிடத்தில் நின்றது. பிறகு, "மேடம், வந்துட்டீங்களா" என்றான்.

நம்பினானா, தெரிந்தே எக்பெர்ட்டுக்காக நம்பியதுபோல நடித்தானா? அன்றிலிருந்து எக்பெர்ட் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். தெரிந்துதான் சொன்னான் என்று அவருக்குள் ஒரு நிச்சயம். அந்த ஒரு நிமிஷம் அவர்கள் இருவருக்கும் மட்டும் சொந்தம்.

ஆனால் காய்ச்சலில் கிடந்த மற்ற பையன்கள் கதவோரம் பச்சையாக மின்னுவதைப் பார்த்தார்கள். டிவியே பார்க்காத கன்னியாஸ்திரீ நர்ஸ் ஒருத்தி மாடி மாடியாகச் சொல்லிவிட்டாள். பத்திரிகைக்காரன் ரோஸ்வித்தாவைக் கேட்டான். "இதையெல்லாம் நான் வெளியே சொல்லிக்கிறதில்ல" என்றாள். ரேடியோ அவளைக் கைவிட்டிருந்த நேரம். அந்த ஒரு பதில் அவளைத் திரும்பத் தூக்கி உட்கார வைத்துவிட்டது.

அந்தப் பையன்கள் உயிரோடு இருக்கும்வரை எக்பெர்ட்டுக்கு மறுக்க மனம் வரவில்லை. அவர்கள் போன பிறகு யாரும் கேட்கவில்லை. தவிர, அவள் பேர் ஏற ஏற அவள் வேஷம் கட்டியவர் பிழைப்பும் நடந்தது. அதையும் அவர் மறக்கவில்லை.

கூடாரத் துணியை விலக்கிக்கொண்டு ரோஸ்வித்தா வந்தாள். கைத்தடி, எண்பது வயசு, ஆனால் உதட்டுச்சாயம் கொஞ்சமும் பிசகவில்லை. ஹாயோ குனிந்து அவள் கையில் முத்தமிட்டு, கண் கலங்கி வெளியே போனார்.

"என்னைவிட நீங்க அழகா இருக்கீங்க" என்றாள் எக்பெர்ட்டைப் பார்த்து.

"உங்களுக்கு என்னம்மா, ஒரிஜினல். நாங்க மெனக்கெடணுமே." எக்பெர்ட் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். "ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு வார்டுக்கு வந்தது நீங்க இல்லன்னு இன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

அவள் ஆச்சரியப்படவில்லை. "போன் பண்ணது நீங்களா?"

"நான்தான். அவன் பேரு ஃபோல்க்மார். அந்தக் கவுனை அவன்தான் தைச்சான். தடவிப் பாத்துட்டு மேடம்னு கூப்பிட்டான். அது என்னோடதும்மா. எனக்கு வேற எதுவும் மிச்சமில்ல."

ரோஸ்வித்தா வெளியே கைகாட்டினாள். "அங்க நிக்கிறவங்ககிட்ட என்ன சொல்லச் சொல்றீங்க? உங்கள்ல ஒருத்தர் உங்களுக்கே பாடினார்னா? அதுக்கு யாரு கைதட்டுவா? வெளியிலேர்ந்து ஒருத்தி வந்தாளே, அவ பயப்படலையேன்னுதான் அவங்களுக்கு நிம்மதி."

"நீங்க பயந்தீங்களே."

"பயந்தேன்." கைத்தடியை ஊன்றி எழுந்தாள். "அந்தப் பையன் பேரைச் சொல்றேன். கண்டிப்பா சொல்றேன்."

அவள் வாக்குத் தவறவில்லை. பட்டத்தை வாங்கிக்கொண்டு மைக் முன்னால் நின்று, மைதானம் அடங்கும்வரை காத்திருந்தாள். "இவ்வளவு நாளா நான் சொல்லாத ஒரு பேரை இன்னிக்குச் சொல்றேன். ஃபோல்க்மார். கண்ணு தெரியாத பையன். என் கவுனைத் தடவிப் பாத்துட்டு, மேடம் வந்துட்டீங்களான்னு கேட்டான். இன்னும் அந்தக் கை என் மேல இருக்கு."

கூட்டம் உருகிவிட்டது. மீசை வைத்த ஆண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். மேடை ஓரத்தில் நின்ற எக்பெர்ட்டின் கையில் பூங்கொத்தின் தண்டுகள் நசுங்கின. ஆஸ்பத்திரிக்குப் போன பேரை எடுத்துக்கொண்டாள், போகட்டும். இப்போது ஃபோல்க்மாரின் விரலையும் எடுத்துக்கொண்டாள். எடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

மைக்கைப் பிடித்தார். "இந்த அம்மா பொய் சொல்றாங்க. அங்க போனது நான். இவங்க வரமாட்டேன்னு போனை வெச்சுட்டாங்க."

மைதானம் இடிந்து விழுவதுபோலச் சிரித்தது. ஹாயோ கடையில் அவர் கட்டும் வேஷமே அதுதானே. மேடையேறினால் முதல் வேலை ரோஸ்வித்தாவைத் திட்டுவது, தானே அசல் என்று சாதிப்பது. "விடாதேடி" என்று முன்வரிசையிலிருந்து யாரோ கூவினார்கள்.

"நெஜமாத்தான் சொல்றேன்" என்றார். சிரிப்பு இரட்டித்தது. ரோஸ்வித்தாவும் சிரித்தாள். அவர் கன்னத்தைத் தட்டிவிட்டுப் பூங்கொத்தை வாங்கிக்கொண்டாள். அவள் கண்ணில் சிரிப்பில்லை என்பது எக்பெர்ட்டுக்கு மட்டும் தெரிந்தது. வாத்தியங்கள் தொடங்கின.

கூடாரத்துக்குத் திரும்பியபோது ஹாயோ கண்ணைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். அழுததா சிரித்ததா என்று பிரிக்க முடியவில்லை. "மூஞ்சில ஒரு சிரிப்பு இல்லாம, பொய் சொல்றாங்கன்னே பாரு. கொன்னுட்டடி."

"ஹாயோ, அது வேஷம் இல்ல. நான்தான் போனேன்."

"போதும்டி, மேடை முடிஞ்சிருச்சு."

"சத்தியமா."

ஹாயோ கைக்குட்டையை மடித்தார். "என்கூட வாழ்ந்த லோதார் அந்த வார்டுலதான் கெடந்தான். ஃபோல்க்மாருக்கு அடுத்த கட்டில். போன வாரம்கூட அவன் கல்லறையில பூ வெச்சுட்டு வந்தேன். அவன் கடைசியா என்கிட்ட தெளிவாப் பேசினது அதுதான். ரோஸ்வித்தா வந்தாங்க, என் நெத்தியில கை வெச்சாங்கன்னான். பெத்த அம்மா செய்யாததை அவங்க செஞ்சாங்கன்னான். வாரா வாரம் என் கடையில உன்னைப் பாத்தவன்டி அவன். நீயா இருந்தா அவனுக்குத் தெரியாதா?"

எக்பெர்ட்டுக்கு அந்த நெற்றி ஞாபகம் வந்தது. சுட்டது. கையை எடுக்க விடாமல் பிடித்துக்கொண்டிருந்த பையன்.

வெளியே ஆயிரக்கணக்கான குரல்கள் அவள் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தன. ஹாயோ நகரவில்லை. முகம் வெளுத்துவிட்டிருந்தது.

"வெளையாட்டுக்குத்தானே சொன்னே?"

எக்பெர்ட் தலையிலிருந்த டோப்பாவைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"வெளையாட்டுக்குத்தான்" என்றார். "லோதார் எதுக்குப் பொய் சொல்லப்போறான்?"