பஸ் கூரையில் ஒரு சாண் துளை

1

இந்தக் கதை ஒரு ‘ம்’மிலிருந்து வந்தது. கதைகள் கனவிலிருந்து வரும், ஞாபகத்திலிருந்து வரும் என்று படித்தவர்கள் சொல்வார்கள். நான் ஆறாவதோடு நின்றவன். எனக்கு வந்தது இதுதான். ஒரு மகள் ஒரு கேள்வி கேட்டாள். அவளுடைய அப்பா ‘ம்’ என்றார். அவ்வளவுதான்.

அந்த அப்பா ஏசி மெக்கானிக். நான் அவர் இல்லை. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

2

தொடக்கம் மூன்று முறை எழுதினேன்.

மழை வரப்போகும் ஒரு காலை வேளையில், மெக்கானிக்

(மழையைக் காட்டி ஆளை அழவைக்கும் வேலை வேண்டாம்.)

மருமகன் நல்லவன். அவனைப்போல ஒரு

(மெக்கானிக் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை. பொய்.)

மெக்கானிக்குக் கடைசிவரை மருமகன்மேல் நம்பிக்கை வரவில்லை.

இது உண்மை. இது இருக்கட்டும்.

நம்பாததற்கு அவரிடம் காரணம் இருந்தது. மருமகன் பஸ் டிரைவர். பன்னிரண்டு வருஷம் ஓட்டிய பஸ்ஸைக் கம்பெனி கழித்துக் கட்டியபோது, அதை அவனே வாங்கி, சீட்டையெல்லாம் பிடுங்கிவிட்டுக் கட்டில், அடுப்பு, பின்பக்கம் ஒரு குளியலறை என்று வைத்து வீடாக்கிக்கொண்டான். ‘சக்கரம் வச்ச வீட்டுல குடியிருக்கறவன் என்னைக்காவது ஓடத்தான் போறான்’ என்பது மெக்கானிக்கின் கணக்கு.*

* ஆறு டயரிலும் காற்றில்லை, எஞ்சினும் செத்துப்போயிருந்தது. இதை மகள் பலமுறை எடுத்துச் சொன்னாள். அவர் காதில் வாங்கவில்லை.

3

பஸ்ஸின் கூரைமேல் பழைய ஏசி இருந்தது, சவப்பெட்டி நீளத்துக்கு. [சவப்பெட்டி என்று எழுதியிருக்கக்கூடாது. எழுதிவிட்டேன்.] எஞ்சின் ஓடினால்தான் அது ஓடும். எஞ்சினே செத்த பிறகு அது வெறும் பாரம். அடித்தட்டு துருப்பிடித்து, மழை பெய்தால் கட்டில்மேல் சொட்டியது. அதைக் கழற்றி இறக்க மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். புதன்கிழமை காலை போனார்.

குளியலறையில் கேஸ் கீசர். அது எரியும்போது வரும் கெட்ட காற்று வெளியே போகவேண்டும். அதற்காக மருமகன் மேல்தட்டில் ஒரு சாண் ஓட்டை போட்டு, கம்பி ஜாலி வைத்து, வளைந்த குழாய் ஒன்றை ஏசிப் பெட்டிக்குள் ஏற்றி விட்டிருந்தான். இப்போது பெட்டி போகப்போகிறது. குழாயின் வாய் வானத்தைப் பார்க்கும்.

“மாமா, பெரிய ஓட்டையெல்லாம் அடைச்சிடுங்க. அந்த ஒரு சாண் ஓட்டைய மட்டும் விட்டுடுங்க.”

“ஏன், குளிக்கும்போது மாப்பிள்ளைக்கு நட்சத்திரம் எண்ணணுமோ?”

“காத்துக்கு மாமா. ஞாயித்துக்கிழமை நானே மேல ஏறி ஒரு தொப்பி செஞ்சு மாட்டிடுறேன். மழ உள்ள வராது, காத்து மட்டும் போகும்.”

“எந்த வருஷத்து ஞாயித்துக்கிழமை?”

மகள் சிரித்தாள். “நல்லா கேளுங்கப்பா. சமையக்கட்டுல சாமான் வைக்கத் தட்டு அடிக்கிறேன்னு சொல்லி ஒன்பது மாசம் ஆச்சு. பிரசவமே ஆகியிருக்கும்.”

“ரெண்டு பேரும் சேந்துட்டீங்களா? எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு சாமி” என்று மருமகன் கும்பிட்டுவிட்டு ஓடினான். மகளும் வேலைக்குக் கிளம்பினாள்.

மெக்கானிக் தனியாக நின்று வேலை பார்த்தார். ஏசியில் மிச்சமிருந்த கேஸை முறையாகச் சிலிண்டரில் பிடித்தார். குழாய்களைத் துண்டித்து வாயை அடைத்தார். நாலு ஆள் வைத்துப் பெட்டியைக் கயிற்றில் இறக்கி அனுப்பினார். கூரையைச் சுரண்டி, தகடு போட்டு, இரண்டு விரலுக்கு ஒரு ரிவெட் அடித்து, பசை பூசினார். கடைசியில் அந்த ஒரு சாண் மிஞ்சியது.

வானத்தைப் பார்த்தார். மேகம். ஒன்பது மாசமாகத் தட்டு அடிக்காதவனை நினைத்தார். சொட்டும் கட்டிலில் படுக்கும் மகளை நினைத்தார். குழாயைக் கூரைமட்டத்துக்கு அறுத்து, அதன்மேலும் ஒரு தகட்டை வைத்து அடித்தார்.

யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? [இந்த இடத்தில் நாலு நாள் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.] ஞாயிற்றுக்கிழமை மருமகன் தொப்பியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுவான், தகட்டைப் பார்ப்பான், அசடு வழிவான். அந்த முகத்தைப் பார்க்க அவருக்கு ஆசை. அதற்காகத்தான். வேறு ஒன்றுமில்லை.

4

வியாழன் மழை. மகள் போன் செய்தாள்: “அப்பா, ஒரு சொட்டு இறங்கல!” மெக்கானிக்குக் காது குளிர்ந்தது.

வெள்ளியும் மழை. ஜன்னலெல்லாம் சாத்திக் கிடந்தது. இரண்டு நாளும் மருமகன் விடியுமுன் டூட்டிக்கு ஓடியதால் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தான்; மகளும் வேலை அவசரத்தில் அப்படித்தான்.

சனிக்கிழமை அவனுக்கு விடுமுறை. மகள் வேலைக்குப் போன பிறகு, கீசரைப் போட்டுக் கதவைச் சாத்தி நிதானமாகக் குளித்தான். அண்ணாந்து பார்த்திருந்தால் ஜாலி தெரிந்திருக்கும். குழாய் வளைந்தது; அதன் மேல்வாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று கீழிருந்து எந்த மனுஷனுக்கும் தெரியாது.

மகள் மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

(இதற்குமேல் இந்தப் பகுதியில் எழுதமாட்டேன்.)

5

விசாரிக்க வந்தவர்கள் மேலே துளை அடைத்திருப்பதாகவும், கீசர் காற்று போக வழியில்லாமல் மூச்சடைத்ததாகவும் சொன்னார்கள். மெக்கானிக்கும் மேலே ஏறிப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு இறங்கினார். மகள் கேட்டாள்:

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்காம, தொப்பி செய்யச் சோம்பல்பட்டுத் தகட்டை வச்சு மூடிட்டாரு. மூடினதை மறந்து கீசரையும் போட்டுட்டாரு. அவர் வேலைதானேப்பா அது?”

“ம்.”

ஒரு வருஷம் ஆகிறது. அவள் அவனுடைய படத்தை மாட்டவில்லை. யாராவது துக்கம் கேட்டால், “அசட்டையா இருந்தாரு, போயிட்டாரு” என்கிறாள். அழுவதில்லை. கோபத்தில் இருக்கிறவளுக்கு அழுகை வராது போலிருக்கிறது. ஒருமுறை சொன்னாள்: “என்னை நினைச்சிருந்தா மேல ஒரு தடவை ஏறிப் பாத்திருக்க மாட்டாராப்பா?”

அவளை நினைத்துத்தான் அவன் அந்தத் துளையையே போட்டான்.

6

முடிவுகள்.

ஒன்று: மெக்கானிக் துளையை விட்டுவிடுகிறார். வியாழக்கிழமை கட்டில் நனைகிறது. எல்லோரும் இருக்கிறார்கள். (இது முடிவு இல்லை. ஆசை.)

இரண்டு: மருமகன் வெள்ளிக்கிழமையே மேலே ஏறுகிறான். தகட்டைப் பார்க்கிறான். நேரே மாமனார் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். “யோவ், உனக்கு அறிவிருக்கா? எங்களைக் கொல்லப் பாத்தியா?” தெருவே கூடுகிறது. சட்டையைப் பிடிக்கிறான். இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. இதைத்தான் நான் அதிகம் எழுதிப் பார்த்தேன். பதினொரு பக்கம். ஒவ்வொரு முறையும் அவன் இன்னும் மோசமாகத் திட்டுகிறான். படிக்கப் படிக்க இனிக்கிறது.

மூன்று: மெக்கானிக் மகளிடம் வாயால் சொல்கிறார். மூன்று முறை போனார். ஒருமுறை காபி குடித்தார். ஒருமுறை மின்விசிறிக்கு எண்ணெய் போட்டார். ஒருமுறை வாசலோடு திரும்பினார்.

முடிவை வாசகரிடம் விட்டுவிடலாம் என்று சொல்வார்கள். ஒரு சாண் துளையையே மருமகனை நம்பி விடாதவன் நான். முடிவை எப்படி முகம் தெரியாத உங்களிடம் விடுவேன்?

ஆமாம். நான்தான். இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு அது தெரியாமலா இருக்கும்?

7

என் மகள் டைப் அடிக்கும் கடையில் வேலை பார்க்கிறாள். யார் எதைக் கையால் எழுதிக் கொடுத்தாலும் அச்சாக்கித் தருவாள். இந்த நோட்டை அவளிடம்தான் கொடுக்கப்போகிறேன். “கதை எழுதியிருக்கேம்மா” என்று சொல்வேன். சிரிப்பாள். எழுத்து எழுத்தாகத்தான் பார்த்து அடிப்பாள்; பொருளில் மனசு போகாது என்பாள். இதில் இரண்டாம் பக்கத்திலேயே மனசு போய்விடும்.

அம்மா, அதை அடைத்தது அவன் இல்லை. நான். அவன் விடச் சொன்னான், நான் விடவில்லை. நீ கேட்டபோது ‘ம்’ என்றதும் நான்தான்.

என்னைக் கதையிலிருந்து எடுத்துவிட வேண்டுமென்றால் எடுத்துவிடு. போலீசிடம் கொடுப்பதானால் கொடு. அவனை மட்டும் இனித் திட்டாதே.

இந்தப் பக்கத்தின் கீழே பாதி வெறுமையாக விட்டிருக்கிறேன். அங்கே நீ என்ன அடித்தாலும் சரி. வாங்கிப் பார்த்துத் திருத்தமாட்டேன்.