நல்லதாக இருந்த ஒரே கோப்பு

ஒரு சபையின் வரலாற்றைப் பதிவுசெய்யும் பொறுப்பைக் காலம் தலைமுறைக்கு ஒருவரிடம்தான் ஒப்படைக்கிறது. இந்தத் தலைமுறையில் அது ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் சபைச் செயலருமான ஜெபசீலனிடம் ஒப்படைத்தது. கேமராவில் எந்தப் பொத்தான் எதற்கு என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டது.

மகன் எட்சனுக்குச் சவூதியில், கடலுக்கு நடுவே எண்ணெய்த் தளத்தில் வேலை. பிள்ளை பிறந்து நாலு மாதமாகியும் அவன் நேரில் பார்க்கவில்லை. ஞானஸ்நானத்துக்கும் லீவு கிடைக்கவில்லை. வீடியோவுக்கு ஸ்டுடியோக்காரனைக் கூப்பிடலாம் என்றாள் மருமகள் ஷைஜா. "அவனுக்கு நம்ம ஆராதனை முறை தெரியுமா?" என்று ஜெபசீலன் மறுத்து, விடுமுறைக்கு வந்திருந்த தங்கை மகன் பிரபினின் கேமராவை வாங்கி, ஸ்டாண்டில் நிறுத்தித் தானே எடுத்தார். கேமராவோடு பிரபின் தோகாவுக்குப் போனபிறகு, கையில் இருந்த மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டால் படம் ஓடவில்லை.

இப்போது கோட்டாற்றில், மாடிமேல் இருந்த சபிதாவின் கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஷைஜா, தோளில் பிள்ளை. சாயங்காலம் எட்சன் கூப்பிடுவான்.

"கடைசியில எப்பிடி சார் நிறுத்துனிய?" என்று கேட்டாள் சபிதா.

"சபை ஐயர் ஜெபம் பண்ணுவோம்னு சொன்னாரு. ஜெபத்துல ஒரு மிஷின் ஓடலாமா? கண்ண மூடிட்டு பேட்டரியப் பிடுங்கிட்டேன்."

"நீங்க கண்ண மூடுங்க சார், வேண்டாங்கல்ல. கேமராவுக்க கழுத்த எதுக்கு நெரிச்சிய? நிறுத்துற பொத்தான அமுக்கும்போதுதான் அது எங்க எது கெடக்குன்னு பொருளடக்கம் எழுதும். எழுத விடல்லியே. புஸ்தகம் இருக்கு, பக்க நம்பர் இல்ல."

ஷைஜா மாமனாரைப் பார்க்கவில்லை. பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"ஒரு வழி உண்டு. இதே கேமராவுல எடுத்த நல்ல கோப்பு ஒண்ணு வேணும். அதப் பாத்து இதச் சரிபண்ணிரலாம்." சபிதா திரையை நோக்கிக் குனிந்தாள். "இந்தா, கார்டுலயே ஒண்ணு கெடக்கே!"

ஜெபசீலன் நாற்காலியை முன்னால் இழுத்தார். "அது... வெறும் டெஸ்டு, மக்கா. அது வேண்டாம்."

"அப்போ பிள்ளைக்க வீடியோவும் வேண்டாம்."

பிள்ளை ஷைஜாவின் தோளில் ஏப்பம் விட்டது.

"போடு" என்றார் ஜெபசீலன்.

ஞானஸ்நானம் முடிந்ததும் அவர் ஆற்றிய இருபத்திரண்டு நிமிட உரை ஊரறிந்தது. எழுதிவைத்துப் பேசுகிறவர் இல்லை அவர். அந்தந்த நேரத்தில் ஆவியானவர் தருவதைப் பேசுகிறவர். "கடலுக்கு நடுவே நிற்கிற என் மகனே" என்ற இடத்தில் குரல் உடைந்து அவர் அழுதபோது, பாடகர் குழுவில் பாதிப்பேர் மூக்கைச் சிந்தினார்கள்.

திரையில் ஜெபசீலன் தெரிந்தார். மேலே கோட்டும் டையும், கீழே மடித்துக்கட்டிய சாரம். பீரோக் கண்ணாடி முன்னால் எழுதிய தாளோடு நின்று "கடலுக்கு நடுவே நிற்கிற என் மகனே" என்றார். அழுகை வரவில்லை. தொண்டையைச் செருமி மறுபடி சொன்னார். மூன்றாவது தடவை வந்தது.

"நல்ல டெஸ்டு" என்றாள் சபிதா. ஷைஜா பிள்ளையின் துணிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

முக்கால் மணி நேரம் ஓடியது வேலை. பிறகு திரையில் கோயில் வந்தது, ஐயர் வந்தார், நெற்றியில் தண்ணீர் பட்டதும் பிள்ளை முகத்தைச் சுளித்தது. ஷைஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜெபசீலனுக்கும்தான், ஒத்திகை எதுவும் தேவைப்படவில்லை. ஷைஜாவின் போனில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தாள் சபிதா. டெஸ்டைக் கார்டிலிருந்து தன் கண்முன்னாலேயே அழிக்கவைத்துவிட்டுத்தான் ஜெபசீலன் படியிறங்கினார். வழியில் ரசவடை வாங்கித் தின்றார். இரண்டு நாளில் இப்போதுதான் வாய்க்கு ருசி தெரிந்தது.

சாயங்காலம் எட்சன் கூப்பிட்டான்.

"அப்பா, தண்ணி பட்டதும் பிள்ளை மூஞ்சியச் சுளிச்சது கண்டியளா? நாலு தடவ பாத்தேன். இங்க எல்லாருக்கும் காட்டினேன்."

"சந்தோஷம்டே."

"அந்தச் சாரம் வீடியோவும் பாத்தேன்."

ஜெபசீலன் திரும்பினார். ஷைஜா மும்முரமாகப் பிள்ளைக்கு வாய் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கோயில்ல அழுததவிட வீட்டுல அழுததுதான் நல்லா இருந்துது, அப்பா."

ஜெபசீலனுக்கும் அதே அபிப்பிராயம்தான்.